பின்னோக்கி நகர்ந்த புள்ளி

1

2021 பிப்ரவரியில் ஒரு காலை, ஒரு லாரி ஓட்டுநரின் பேட்டாவில் 600 ரூபாயைப் பிடிக்க வைத்தேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு எக்செல் கோப்பும், அதில் சிவப்பு நிறம் பூசிய ஒரே ஒரு கட்டமும்தான்.

அப்போது அரியலூரில் ஒரு லாரி அலுவலகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமென்ட் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டிகளைத் திரையில் கவனிப்பது வேலை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி இருக்கும். திரையில் தமிழ்நாட்டு வரைபடம், அதன்மேல் முப்பது நாற்பது புள்ளிகள். பச்சை என்றால் ஓடுகிறது. மஞ்சள் என்றால் இன்ஜின் ஓடுது, வண்டி நிக்குது. சிவப்பு என்றால் நின்றுவிட்டது. காலையில் முதலாளி வருவதற்குள் ஒரு அறிக்கை தயாராக இருக்க வேண்டும்: யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார், யார் பாதையை விட்டு விலகினார்.

அன்று ராத்திரி சேலம் போக வேண்டிய ஒரு வண்டி பெரம்பலூரைத் தாண்டி ஆத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போய், நின்றது. இருபது நிமிடம் கழித்து, வந்த வழியே பெரம்பலூருக்குத் திரும்பியது. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. பிறகு மறுபடி கிளம்பியது. நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. 'பாதை விலகல், காரணமற்ற நிறுத்தம்' என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. அதற்குச் சரியாக இரண்டரை மாதம் முன்பு, அதே நாற்காலியில், அதே ராத்திரி ஷிப்டில், பின்னோக்கி நகர்ந்த இன்னொரு புள்ளியைப் பார்த்துக் கண்கலங்கியிருந்தேன்.

2

ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்ட ஆளுக்கொரு வழி. சிலருக்கு ரம்மி, சிலருக்குப் பழைய படம். எனக்குப் பாய்மரப் படகுப் போட்டி மாட்டியது. கடலே இல்லாத மாவட்டத்துக்காரனுக்கு இது எப்படி என்று கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்கு அது என் வேலையைப் போலவே இருந்தது. ஒரு வரைபடம், நகரும் புள்ளிகள், ஓரத்தில் எண்கள்.

அது வாந்தே குளோப். பிரான்சின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து கிளம்பி, தனியாளாக, எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். 2020 நவம்பர் 8ஆம் தேதி 33 படகுகள் கிளம்பின. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்தே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதல் சில நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓரத்தில் இருந்த எண்கள் என் லாரி எண்களைப் போலவே இருந்தன, ஆனால் அவை வேறு ஏதோ சொல்லின. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஹெடிங். படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசை. அடுத்தது சி.ஓ.ஜி., அதாவது படகு பூமியின்மேல் உண்மையில் நகர்கிற திசை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். இருக்காது. கீழே நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், மேலே காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு லீவே என்று பெயர். வேகத்துக்கும் இதே கதைதான். தண்ணீரைக் கிழிக்கிற வேகம் ஒன்று, பூமியின்மேல் நகர்கிற வேகம் இன்னொன்று. இரண்டாவதைத்தான் எஸ்.ஓ.ஜி. என்கிறார்கள். ஜி.பி.எஸ்ஸுக்குத் தெரிவதெல்லாம் பூமியின்மேல் நடப்பது மட்டும். மூக்கு எங்கே பார்த்தது என்பது அதற்குத் தெரியாது.

இதைப் படித்த அன்றே எனக்குள் ஏதோ தட்டியிருக்க வேண்டும். ஒரு மனிதன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது வேறு, எங்கே போக நினைத்தான் என்பது வேறு. நடுவில் நீரோட்டம் இருக்கிறது. சுவடு மட்டும் பார்க்கிறவனுக்கு நடந்தது தெரியும், நோக்கம் தெரியாது.

அடுத்து வி.எம்.ஜி. பாய்மரப் படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. காற்று வடக்கிலிருந்து வருகிறது, போக வேண்டியதும் வடக்கு என்றால், வடகிழக்கே கொஞ்ச தூரம், பிறகு திரும்பி வடமேற்கே கொஞ்ச தூரம் என்று கோணல்மாணலாகத்தான் ஏற வேண்டும். இந்தத் திருப்பத்துக்கு டாக் என்று பெயர். 45 டிகிரி சாய்வில் 6 நாட் வேகத்தில் ஓடும் படகு, காற்றை நோக்கி உண்மையில் முன்னேறுவது ஏறக்குறைய 4.2 நாட்தான். அந்த 4.2தான் வி.எம்.ஜி. ஓடியதில் இலக்குக்கு உதவியது எவ்வளவு என்று சொல்லும் எண். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் படகைக் கூடுதலாகச் சாய்த்து ஓட்டினால் 7 நாட் கிடைக்கலாம், ஆனால் வி.எம்.ஜி. குறைந்துவிடும். ஓடு ஓடு என்று ஓடி எங்கும் சேராமல் இருப்பது எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கடலில் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது போலார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு அட்டவணை இருக்கும். காற்று இத்தனை வேகம், இத்தனை கோணம் என்றால், இந்தப் படகால் அதிகபட்சம் இவ்வளவு வேகம் போக முடியும். ஓட்டியவரின் திறமையை இந்தச் சாத்தியத்தோடுதான் ஒப்பிடுவார்கள். பக்கத்துக் கடலில் நல்ல காற்றில் பறக்கிறவனோடு ஒப்பிட மாட்டார்கள். காற்றே இல்லாத இடத்தில் 3 நாட் போனவன், புயலில் 15 நாட் போனவனைவிடச் சிறந்த மாலுமியாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் மார்க் போடுகிறவர்கள், ஆபீசில் வருட மதிப்பீடு எழுதுகிறவர்கள் யாருடைய கையிலும் இப்படியொரு அட்டவணையை நான் பார்த்ததில்லை. இந்தப் பையனுக்கு அடித்த காற்று எவ்வளவு என்று எந்த மார்க் ஷீட்டிலும் ஒரு பத்தி கிடையாது.

3

நவம்பர் 30ஆம் தேதி தென் அட்லாண்டிக்கில் கெவின் எஸ்கோஃபியேவின் படகு ஒரு பெரிய அலையில் மோதி இரண்டாக மடிந்தது. அவர் உயிர்காப்பு மிதவையில் ஏறித் தப்பினார். போட்டி அமைப்பாளர்கள் அருகில் இருந்தவர்களைத் திசை திருப்பினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜான் லெ காம். 61 வயது. எஸ்கோஃபியேவைக் கண்ணால் பார்த்தார், பேசினார், ஆனால் அந்த அலையில் மிதவையை நெருங்கிப் பிடிக்க முடியவில்லை. பிறகு மிதவை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. யானிக் பெஸ்தாவென், போரிஸ் ஹெர்மன், செபாஸ்தியான் சிமோன் ஆகியோரும் தேட வந்தார்கள். பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, இருட்டில் ஒரு சின்ன வெளிச்சத்தை வைத்து லெ காம்தான் அவரைக் கண்டுபிடித்துப் படகில் ஏற்றினார்.

திரையில் இது எப்படித் தெரிந்திருக்கும்? முன்னேறிக்கொண்டிருந்த கோடுகள் திரும்பின, சுற்றின, நூல்கண்டு மாதிரி சிக்கின. வேகம் குறைந்தது. இலக்குக்கான தூரம் கூடியது. எண்களை மட்டும் பார்த்தால் அது மோசமான ஓட்டம். வி.எம்.ஜி. பூஜ்யத்துக்கும் கீழே.

இதே லெ காமை 2009 ஜனவரியில், இதே போட்டியில், கேப் ஹார்ன் அருகே கவிழ்ந்த படகிலிருந்து காப்பாற்றியவர் வின்சென்ட் ரியூ. ரியூ அப்போது ஓட்டிய படகின் பெயர் பி.ஆர்.பி. 2020இல் இரண்டாக மடிந்த எஸ்கோஃபியேவின் படகின் பெயரும் பி.ஆர்.பி.தான். இதைப் படித்தபோதுதான் அந்த ராத்திரி எனக்குக் கண் கலங்கியது.

2021 ஜனவரி 27ஆம் தேதி சார்லி டலான் முதலாவதாகக் கோட்டைத் தொட்டார். பெஸ்தாவென் மூன்றாவதாக வந்தார். ஆனால் வென்றவர் பெஸ்தாவென். ஏனென்றால் தேடலில் செலவழித்த நேரத்துக்காக நடுவர் குழு அவருக்கு 10 மணி 15 நிமிடத்தை முன்பே திருப்பிக் கொடுத்திருந்தது. லெ காமுக்கு 16 மணி 15 நிமிடம், ஹெர்மனுக்கு 6 மணி நேரம். எண்பது நாள் ஓட்டத்தில், இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் டலான் இரண்டாம் இடத்துக்குப் போனார்.

முதலில் வந்தவன் வெல்லவில்லை என்பது ஏமாற்றா? டலான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் படகு இடது பக்கச் சிறகு பழுதான நிலையிலும் முதலில் வந்தது. அவர் பக்கம் நின்று யோசித்தால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் 'முதலில்' என்றால் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து மணி நேரம் பெஸ்தாவென் போட்டியில் இல்லை, வேறொரு கடமையில் இருந்தார். அந்த நேரத்தையும் சேர்த்துக் கடிகாரம் ஓடினால், கடிகாரம் ஓட்டத்தை அளக்கவில்லை, கருணைக்கு அபராதம் போட்டுக்கொண்டிருக்கிறது.

பாய்மரப் போட்டி விதிகளின் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான். வழி விடுவது, கோட்டைத் தாண்டுவது எல்லாம் அதற்குப் பிறகு. அப்படி உதவியதால் இடம் இழந்தவருக்கு ஈடு கேட்கும் உரிமையும் அதே புத்தகத்தில் உண்டு. அதற்குப் பெயர் ரீட்ரெஸ். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது, கவிழ்ந்த படகருகே தண்ணீரில் தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைக் காப்பாற்றத் திரும்பினார். அந்த ஓட்டத்தில் மிகவும் பின்தங்கித்தான் முடித்தார். நடுவர்கள் அவருக்கு அந்த ஓட்டத்தில் இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள்.

இதெல்லாம் எனக்கு 2021 ஜனவரியிலேயே தெரியும். தெரிந்துதான் பிப்ரவரியில் சிவப்பு பூசினேன்.

4

பத்து நாள் கழித்து ஒரு பையன் அலுவலகத்துக்கு வந்தான். டி.வி.எஸ். 50இல், காலடியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். லாரி எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தான்.

"இந்த வண்டி டிரைவர் அண்ணன் இருக்காருங்களா? எங்கப்பாவ அன்னிக்கி அவருதான் தூக்கிட்டு வந்து ஆஸ்பத்திரில சேத்தாரு."

ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பியவர், நாய் குறுக்கே வந்து வண்டியோடு விழுந்திருக்கிறார். தலையில் அடி. மக்காச்சோளக் காட்டில் காவலிருந்த இரண்டு பேரும் லாரிக்காரரும் சேர்ந்து அவரை கேபினுக்குள் ஏற்றியிருக்கிறார்கள். காத்திருந்தால் தாங்காது என்று தோன்றியதாம். இருபத்தைந்து டன் சுமையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு பெரம்பலூர் போயிருக்கிறார். வீட்டு ஆட்கள் வரும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார். என் அறிக்கையில் அந்த உட்கார்ந்திருத்தலுக்குப் பெயர் 'காரணமற்ற நிறுத்தம்'.

டிரைவர் அண்ணன் வந்ததும் கேட்டேன். "ஏண்ணே சொல்லல?"

"நீ கேக்கலியே தம்பி."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னது: "நல்ல காரியம்தான், யார் இல்லன்னா? ஆனா இவனுக்குத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு நின்ன வண்டியெல்லாம் ஆக்சிடென்ட் பாத்துட்டுத்தான் நிக்கும். டீசல் விக்கிறவன்கூட ஆஸ்பத்திரி போனேம்பான். மிஷின்ல இருக்கறதுதான் கணக்கு. நமக்கு வேற வழி இல்ல."

இது மோசமான வாதம் இல்லை. பாய்மரப் போட்டியின் வரலாறே அவர் பக்கம் சாட்சி சொல்லும். 1968இல் நடந்த முதல் கோல்டன் குளோப் போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் உலகைச் சுற்றுவதாகச் சொல்லிக் கிளம்பினார். அப்போது ஜி.பி.எஸ். இல்லை. மாலுமி ரேடியோவில் சொல்வதுதான் இடம். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 10ஆம் தேதி அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தபோது கண்டுபிடித்தார்கள். பதிவேடுகள் உள்ளே இருந்தன. பொய்யின் பாரம் தாங்காமல் அவர் கடலில் இறங்கிவிட்டார் என்றே நம்பப்படுகிறது. அன்று ஒரு சின்னப் பெட்டி படகில் இருந்திருந்தால் அவரால் பொய் சொல்லியிருக்க முடியாது. ஒருவேளை உயிரோடும் இருந்திருப்பார்.

ஆக, அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவு இல்லாத இடத்தில் வலுத்தவன் வாயே கணக்காகிவிடும். லாரித் தொழிலில் பெட்டி வருவதற்கு முன் டிரைவர்மேல் போட்ட பொய்ப் பழிகளும் எத்தனையோ உண்டு. பெட்டியே சில பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது.

ஆனால் முதலாளியின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பொய் சொல்பவர்கள் உண்டு என்பதால் யாரையும் கேட்கவே வேண்டாம் என்று அவர் சொல்கிறார். போட்டிக்காரர்களுக்கும் பொய்யர்களைத் தெரியும். ஆனாலும் அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. நடுவர் குழு உட்காரும், சுவடுகளை எடுத்து வைக்கும், ஓட்டியவரைக் கூப்பிடும், சாட்சி கேட்கும். யார் எப்போது திரும்பினார், எவ்வளவு நேரம் தேடினார் என்பதற்கு அந்தச் சுவடுதான் ஆதாரம். அதே எண்கள்தான். அவர்கள் கையில் அவை கேள்வியைத் தொடங்கி வைத்தன. என் கையில் முடித்து வைத்தன.

5

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். சட்டம் பொதுவாகப் பேசும், வாழ்க்கை தனித்தனியாக நடக்கும். எனவே பொது விதி சறுக்கும் இடத்தில் அதைத் திருத்துகிற ஒரு நியாயம் வேண்டும் என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணம் லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்களின் ஈய அளவுகோல். கல்லின் வளைவுக்கேற்ப அது வளையும். வளைந்துதான் கல்லைச் சரியாக அளக்கும். இரும்புக் கோல் நேராக இருக்கும், ஆனால் வளைந்த கல்லை அதனால் அளக்க முடியாது. வளைவதும் உடைவதும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொண்டேன்.

இன்னொரு படமும் மனதில் நிற்கிறது. 2018இலும் 2022இலும் நடந்த புதிய கோல்டன் குளோப் போட்டியில் பழைய முறையில்தான் ஓட்ட வேண்டும். செக்ஸ்டன்ட்டால் சூரியனை அளந்து காகித வரைபடத்தில் குறிக்க வேண்டும். படகில் ஜி.பி.எஸ். இருக்கும், ஆனால் சீல் வைத்த பெட்டிக்குள். அவசரத்துக்கு மட்டும். வெளியுலகத்துக்கு மட்டும் படகின் இடம் போய்க்கொண்டே இருக்கும். நம்முடைய அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. 2023 ஏப்ரலில் அதே போட்டியை இரண்டாவதாக முடித்தார். முதலில் வந்தவர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அவரும் வழியில் மூழ்கிய படகிலிருந்து தப்பிய தாபியோ லெஹ்தினெனைக் காப்பாற்றியவர்தான், அவருக்கும் நேரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கரையில் இருக்கும் எல்லோருக்கும் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. பார்க்கிறவனுக்கு இடம் தெரியும், அலை தெரியாது. படகில் இருப்பவனுக்கு அலை தெரியும், இடம் தெரியாது. இருவரும் பேசினால்தான் முழு உண்மை. நானும் டிரைவர் அண்ணனும் பேசவில்லை.

அரியலூர் என்றால் பழைய ஆட்களுக்கு இன்னும் 1956 நவம்பர் 23 ஞாபகம் வரும். மழையில் மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்தப் பாலத்தில் அவர் கை எங்கும் படவில்லை, எந்தப் பதிவேடும் அவரைச் சுட்டவில்லை. தூரத்தில் இருந்தவர் பொறுப்பை அருகில் இழுத்துக்கொண்டார். நான் நேர்மாறாகச் செய்தேன். "சிஸ்டம் காட்டுச்சு" என்று சொல்லி, என் விரல் பூசிய நிறத்தைப் பெட்டிமேல் தள்ளினேன். பெட்டி சொன்னது வண்டி நின்றது என்பதை மட்டும். 'காரணமற்ற' என்ற சொல் என்னுடையது.

6

முதலாளி பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் என் கையிலிருந்து 600 ரூபாயை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ குடுத்தா அது உதவி தம்பி. அவரு குடுத்தாதான் அது கணக்கு."

ரீட்ரெஸ் என்ற சொல்லுக்கு எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன், இதைவிடச் சரியானது கிடைக்கவில்லை. பெஸ்தாவெனுக்கு யாரும் ஆறுதல் பரிசு கொடுக்கவில்லை. அவருடைய நேரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: 'டிரைவர் சொன்னது'. அது நிரம்பாமல் சிவப்பு பூசுவதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். போன் எடுக்கவில்லை என்றால் கட்டம் வெள்ளையாகவே இருக்கும். முதலாளி முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். அந்தப் பத்தியில் பொய்களும் வந்தன. டயர் வெடித்தது என்றவரின் வண்டியில் எல்லா டயரும் நன்றாக இருந்தன. ஆனால் உண்மைகளும் வந்தன: வயிற்றுப்போக்கு, மகளுக்குக் காய்ச்சல், தூக்கம் சொக்கியதால் பயந்து ஓரம் கட்டியது. எட்டு மாதம் கழித்து நான் அந்த வேலையை விட்டேன். அந்தப் பத்தி இப்போது இருக்கிறதா, தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சுருள் சுருளாக அம்மோனைட்டுகள் கிடைக்கும். கல்லங்குறிச்சிப் பக்கம் சிப்பிகளே பாறையாகக் கிடக்கும். அந்தக் கடலைத்தான் அரைத்து, சுட்டு, மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றுகிறோம். அன்று அண்ணன் சுமந்துகொண்டு திரும்பியதும் அந்தக் கடல்தான்.

வெங்காய மூட்டையை அவர் பாதி எனக்குப் பிரித்துக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.